நாலு எம்எல்ஏ சேர்ந்தா ஒரு எம்பி: பெரம்பலூர், அரியலூர் ஓட்டுக் கணக்கும் உங்க சம்பள உயர்வும்



குடியரசுத் தலைவர் தேர்தல்ல உங்க ஊரோட மதிப்பு எவ்வளவுன்னு என்னிக்காவது யோசிச்சிருக்கீங்களா?

"நமக்குத்தான் அதுல ஓட்டே இல்லையே"ன்னு சொல்லுவீங்க. நேரடியா இல்லைதான். ஆனா நீங்க ஓட்டு போட்டு அனுப்பின எம்எல்ஏவுக்கு இருக்கு. அந்த ஓட்டுக்கு ஒரு நம்பரும் இருக்கு.

பெரம்பலூர், குன்னம், அரியலூர், ஜெயங்கொண்டம். ரெண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து இந்த நாலு சட்டமன்றத் தொகுதிகள்தான். 2022 குடியரசுத் தலைவர் தேர்தல்ல தமிழ்நாட்டு எம்எல்ஏ ஒருத்தரோட ஓட்டு மதிப்பு 176. நாலு பேரையும் கூட்டினா 704. அதே தேர்தல்ல ஒரு எம்பியோட ஓட்டு மதிப்பு 700. அதாவது, 2011 கணக்கெடுப்புப்படி 13 லட்சத்து 20 ஆயிரம் பேர் வாழற ரெண்டு மாவட்டத்தோட நாலு எம்எல்ஏக்களும் சேர்ந்து, ஒரே ஒரு எம்பியை வெறும் 4 பாயிண்ட்ல தாண்டுறாங்க.

எஸ்ஐபி, வரி, சம்பளம்னு பேசற இடத்துல ஜனாதிபதி தேர்தல் எதுக்குன்னு கேக்கறீங்களா? காரணம் இருக்கு. பணத்தைப் பத்தி நமக்குச் சொல்லப்படற முக்கால்வாசி நம்பர்கள் ரெண்டு விஷயத்துல நிக்குது. ஒண்ணு, எதுக்கு எவ்வளவு எடை கொடுத்திருக்காங்க. ரெண்டாவது, எந்த வருஷத்தை அடிப்படையா வெச்சிருக்காங்க. இந்த ரெண்டையும் ஒரே இடத்துல பளிச்சுனு காட்டற உதாரணம் நம்ம ஜனாதிபதி தேர்தலைவிட வேற கிடையாது. வாங்க, கணக்கைப் பிரிச்சுப் பாக்கலாம்.

176 எங்கிருந்து வந்துச்சு?

அரசியலமைப்புச் சட்டத்தோட 55ஆவது பிரிவு சொல்ற ஃபார்முலா ரொம்ப எளிமை. மாநிலத்தோட மக்கள்தொகையை எடுத்துக்கோங்க. மொத்த எம்எல்ஏ எண்ணிக்கையால வகுங்க. வர்ற விடையை 1000-ஆல வகுங்க. அவ்வளவுதான்.

தமிழ்நாட்டுக்கு: 4,11,99,168 ÷ 234 ÷ 1000 = 176.

ஒரு நிமிஷம். தமிழ்நாட்டு மக்கள்தொகை 4 கோடியா? 2011-லயே 7 கோடியே 21 லட்சம் ஆச்சே?

சரியாத்தான் கேட்டீங்க. அந்த 4 கோடியே 12 லட்சம், 1971 கணக்கெடுப்பு நம்பர். 2022-ல நடந்த தேர்தலுக்கு 1971 மக்கள்தொகை. இதைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வர்றேன்.

எம்பி ஓட்டுக்கு வேற கணக்கு. நாடு முழுக்க எல்லா எம்எல்ஏக்களோட ஓட்டு மதிப்பையும் கூட்டினா 2022-ல 5,43,231. மக்களவை 543, மாநிலங்களவையில தேர்ந்தெடுக்கப்பட்டவங்க 233, மொத்தம் 776 எம்பிக்கள். நியமன எம்பிக்களுக்கு இதுல ஓட்டு கிடையாது. 5,43,231-ஐ 776-ஆல வகுத்தா 700. எம்எல்ஏ பக்கம் பாதி, எம்பி பக்கம் பாதின்னு தராசு சமமா நிக்கணும்ங்கறதுதான் இதுக்குப் பின்னாடி இருக்கற எண்ணம்.

2017-ல இதே எம்பி ஓட்டு 708. ஏன் குறைஞ்சது? ஜம்மு காஷ்மீர்ல 2022-ல சட்டமன்றமே இல்லை. அங்க இருந்த 87 எம்எல்ஏ, ஆளுக்கு 72 மதிப்பு, மொத்தம் 6,264 கணக்குல இருந்து போயிடுச்சு. ஸ்ரீநகர்ல ஒரு சட்டமன்றம் இல்லாததால, பெரம்பலூர் எம்பி, சிதம்பரம் எம்பி ரெண்டு பேரோட ஓட்டும் ஆளுக்கு 8 பாயிண்ட் இறங்குச்சு. (அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னம் மூணும் சிதம்பரம் மக்களவைத் தொகுதியில வருது. பெரம்பலூர் மட்டும்தான் பெரம்பலூர் மக்களவைத் தொகுதியில.)

அதே 704, ரெண்டு தேர்தல், ரெண்டு பக்கம்

இப்போ ரிசல்ட்டுக்கு வருவோம்.

2016 சட்டமன்றத் தேர்தல்ல இந்த நாலு தொகுதியையும் அதிமுக ஜெயிச்சது. மறு வருஷம் ஜூலையில குடியரசுத் தலைவர் தேர்தல். ராம்நாத் கோவிந்த், மீரா குமார் போட்டி. அதிமுக கோவிந்தை ஆதரிச்சது. தமிழ்நாட்டுல கோவிந்துக்கு 134 எம்எல்ஏ, மீரா குமாருக்கு 98.

2021-ல அப்படியே தலைகீழ். நாலு தொகுதியும் திமுக கூட்டணிக்குப் போச்சு. பெரம்பலூர், குன்னம், ஜெயங்கொண்டத்துல திமுக. அரியலூர்ல உதயசூரியன் சின்னத்துல நின்ன மதிமுக வேட்பாளர். 2022 ஜூலை 18-ல வாக்குப்பதிவு. திரௌபதி முர்மு, யஷ்வந்த் சின்ஹா போட்டி. திமுக கூட்டணி சின்ஹாவை ஆதரிச்சது. தமிழ்நாட்டுல சின்ஹாவுக்கு 158, முர்முவுக்கு 75, ஒண்ணு செல்லாத ஓட்டு.

இந்தத் தேர்தல் ரகசிய வாக்கெடுப்பு. கட்சிகள் கொறடா உத்தரவு போட முடியாது. அதனால யார் எந்தப் பக்கம் போட்டாங்கன்னு தனித்தனியா யாராலயும் சொல்ல முடியாது. ஆனா கட்சிகளோட நிலைப்பாட்டை வெச்சுப் பாத்தா, நம்ம 704 பாயிண்ட்டும் 2017-ல ஒரு பத்தியில இருந்து 2022-ல எதிர்ப் பத்திக்கு மாறியிருக்கணும். மாறினதுக்குக் காரணம் 2016-லயும் 2021-லயும் பூத்துக்குப் போய் நின்ன நீங்களும் உங்க அக்கம்பக்கமும்தான். ஜனாதிபதி தேர்தல்ல நமக்கு ஓட்டு இல்லைங்கறது பாதி உண்மைதான். ஒரு வருஷம் முன்னாடியே நாம போட்டுட்டு வந்துடறோம்.

ரெண்டு தடவையும் நாட்டு அளவுல ரிசல்ட் ஒரே பக்கம்தான். 2017-ல கோவிந்துக்கு 7,02,044, மீரா குமாருக்கு 3,67,314. 2022-ல முர்முவுக்கு 6,76,803, சின்ஹாவுக்கு 3,80,177. மாநிலத்துக்கு மாநிலம் கலர் வேற வேற. ஆந்திராவுல செல்லுபடியான 173 ஓட்டும் முர்முவுக்கே. கேரளாவுல 140-ல 139 சின்ஹாவுக்கு. ஒரு ஊரோட ட்ரெண்டை வெச்சு நாட்டோட ட்ரெண்டைச் சொல்ல முடியாதுன்னு இதைவிடத் தெளிவா யாரும் காட்ட முடியாது. உங்க ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல நாலு பேருக்கு லாபம் கொடுத்த ஷேரும் இதே கதைதான்.

தலை எண்ணிக்கை வேற, எடை வேற

2022 ரிசல்ட்டை ரெண்டு விதமா பாருங்க.

முதல்ல தலையை எண்ணுவோம். செல்லுபடியான ஓட்டு 4,701. முர்முவுக்கு 2,824, சின்ஹாவுக்கு 1,877. சதவீதத்துல 60-க்கு 40.

இப்போ மதிப்பைப் பாப்போம். முர்முவுக்கு 64.03%, சின்ஹாவுக்கு 35.97%.

அதே ஓட்டுப் பெட்டி, அதே ஆட்கள். ஆனா சின்ஹா தலைக்கணக்குல 40, எடைக்கணக்குல 36. அந்த 4 சதவீதம் எங்க போச்சு?

பலரும் உடனே சொல்ற பதில், "முர்முவுக்குப் பெரிய மாநில எம்எல்ஏக்கள் போட்டிருப்பாங்க, அவங்க மதிப்பு அதிகம்." செக் பண்ணிப் பாப்போம். முர்முவுக்கு விழுந்த எம்எல்ஏ ஓட்டு 2,284, அதோட மதிப்பு 2,98,803. சராசரியா ஒரு ஓட்டுக்கு 131. சின்ஹாவுக்கு விழுந்த எம்எல்ஏ ஓட்டு 1,669, மதிப்பு 2,34,577. சராசரி 141. பாத்தீங்களா, எம்எல்ஏ பக்கம் சின்ஹாவோட ஓட்டுதான் கனம் அதிகம். நம்ம 176 எல்லாம் அந்தப் பக்கம்தானே.

அப்போ வித்தியாசம் எங்க? எம்பிக்கள்ல. முர்முவுக்கு 540 எம்பி, சின்ஹாவுக்கு 208. எம்எல்ஏக்கள்ல முர்முவுக்கு 58%தான் கிடைச்சது, எம்பிக்கள்ல 72%. ஒவ்வொரு எம்பியும் 700 கிலோ கல்லு மாதிரி. அந்தக் கல்லு எந்தத் தட்டுல விழுந்துச்சோ, தராசு அந்தப் பக்கம் சாஞ்சுடுச்சு.

இதை அப்படியே உங்க போர்ட்ஃபோலியோவுக்குக் கொண்டு வாங்க. நிஃப்டி 50-ல 50 கம்பெனி இருக்கு. எல்லாத்துக்கும் சம எடை கிடையாது. சந்தையில புழங்கற பங்குகளோட மொத்த மதிப்பை வெச்சு எடை கொடுக்கறாங்க. முதல் பத்து கம்பெனிக்கே பாதிக்கு மேல எடை. அதனாலதான் சில நாள் 30 ஷேர் பச்சையில இருந்தும் நிஃப்டி சிவப்புல முடியுது. "நான் எட்டு ஃபண்ட்ல போட்டிருக்கேன், நல்லா பிரிச்சு வெச்சிருக்கேன்"னு சொல்றவங்க ஒரு தடவை எல்லா ஃபண்ட்டோட டாப் 10 பட்டியலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. எட்டுலயும் அதே ரெண்டு வங்கி மேல உக்காந்திருந்தா, எண்ணிக்கைதான் எட்டு. எடையில அது கிட்டத்தட்ட ஒரே ஃபண்ட்.

இன்னொரு விஷயம். இந்தத் தேர்தல்ல 53 ஓட்டு செல்லாமப் போச்சு. அதுல 15 ஓட்டு எம்பிக்களோடது. எம்பிக்குப் பச்சைச் சீட்டு, எம்எல்ஏவுக்கு இளஞ்சிவப்புச் சீட்டு, தேர்தல் ஆணையமே கொடுக்கற தனிப் பேனா. பேர் பக்கத்துல 1, 2-ன்னு விருப்ப வரிசையை எழுதணும், அவ்வளவுதான் வேலை. அதுல 15 எம்பி ஓட்டு, 10,500 பாயிண்ட், கணக்குலயே வரலை. நம்ம நாலு தொகுதி மதிப்போட கிட்டத்தட்ட 15 மடங்கு அது.

சிரிக்காதீங்க. ஐடி ரிட்டர்ன் ஃபைல் பண்ணிட்டு, 30 நாளுக்குள்ள இ-வெரிஃபை பண்ண மறந்தவங்க நம்ம கூட்டத்துலயே நிறைய பேர். அதுவும் செல்லாத ஓட்டுதான். கஷ்டப்பட்டு கியூவுல நின்னு, உள்ள போய், சீட்டைத் தப்பா மடிச்சுப் போட்ட மாதிரி. இந்த வருஷம் ஃபைல் பண்ணின அன்னிக்கே ஆதார் ஓடிபி போட்டு முடிச்சுடுங்க.

நீங்க இந்தக் கணக்குலயே இல்லை

இப்போ அந்த 1971-க்கு வருவோம். இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான பகுதி இதுதான்.

1971-க்கு அப்புறம் பிறந்த யாரும் இந்த 176-ல கிடையாது. நீங்க 1998-ல பிறந்தவரா? இல்லை. உங்க அப்பா 1973-ல பிறந்தவரா? அவரும் இல்லை. ஜெயங்கொண்டத்துல இருக்கற உங்க தாத்தா பாட்டி இருக்காங்க. அவங்க தலையை வெச்சுத்தான் இன்னிக்கும் ஜனாதிபதி தேர்வாகறார்.

ஏன் இப்படி? 1976-ல 42ஆவது திருத்தம் வந்தப்போ, 2000-க்கு அப்புறம் வர்ற முதல் கணக்கெடுப்பு வரைக்கும் 1971 நம்பரையே வெச்சுக்கலாம்னு முடிவு பண்ணினாங்க. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்கா செஞ்ச மாநிலம் அதனாலயே எடை இழக்கக் கூடாதுங்கறது காரணம். 2001-ல 84ஆவது திருத்தம் அதை நீட்டிச்சது. 2026-க்கு அப்புறம் எடுக்கற முதல் கணக்கெடுப்பு நம்பர் வெளியாகற வரைக்கும் 1971-தான்.

அடுத்த கணக்கெடுப்புக்கு மத்திய அரசு அறிவிச்சிருக்கற ஆதாரத் தேதி 2027 மார்ச் 1. 2026-க்கு அப்புறம். புரியுதுல்ல? ஐம்பது வருஷமா பூட்டி வெச்சிருக்கற பேஸ் இயரோட சாவி திரும்பப் போகுது.

திரும்பினா என்ன ஆகும்? புது நம்பர் இன்னும் வரலை. அதனால 2011 நம்பரை அதே ஃபார்முலாவுல போட்டுப் பாப்போம். எம்எல்ஏ எண்ணிக்கை இப்போ இருக்கற அளவே இருக்குன்னு வெச்சுக்கோங்க.

தமிழ்நாடு: 176-ல இருந்து 308.
கேரளா: 152-ல இருந்து 239.
உத்தரப் பிரதேசம்: 208-ல இருந்து 496.
பீகார்: 173-ல இருந்து 428.
ராஜஸ்தான்: 129-ல இருந்து 343.

மேலோட்டமா பாத்தா நமக்கும் ஏறியிருக்கு. 176 எங்க, 308 எங்க! பெரம்பலூர், அரியலூரோட 704 இப்போ 1,232 ஆகுது. சந்தோஷப்படலாம்தானே?

கொஞ்சம் பொறுங்க. இன்னிக்கு நம்ம எம்எல்ஏ பீகார் எம்எல்ஏவைவிட 3 பாயிண்ட் முன்னாடி. 2011 கணக்குல 120 பாயிண்ட் பின்னாடி. இன்னிக்கு ராஜஸ்தான் எம்எல்ஏ நம்மைவிட 47 பாயிண்ட் கீழ. 2011 கணக்குல நம்மைவிட 35 பாயிண்ட் மேல. எல்லா மாநிலத்து எம்எல்ஏக்களோட மொத்த மதிப்புல தமிழ்நாட்டோட பங்கு இன்னிக்கு சுமார் 7.6%. 2011 நம்பர்ல சுமார் 6%.

நம்பர் ஏறுச்சு, பங்கு இறங்குச்சு. நாம 1.75 மடங்கு ஏறினப்போ ராஜஸ்தான் 2.66 மடங்கு ஏறிடுச்சு.

இது நியாயமா அநியாயமான்னு ரெண்டு பக்கமும் பலமான வாதம் இருக்கு. 2027-ல உயிரோட இருக்கற ஒரு பீகார்க்காரரை 1971 நம்பர்ல எப்படி அடக்கறதுன்னு கேட்டா, அது நியாயமான கேள்வி. அரசு சொன்னதைக் கேட்டு ரெண்டு குழந்தையோட நிறுத்தின பெரம்பலூர்க் குடும்பத்துக்கு அதுக்காகவே எடை குறையணுமான்னு கேட்டா, அதுவும் நியாயமான கேள்வி. தொகுதி மறுவரையறை பத்தி நீங்க கேக்கற சண்டையோட வேரும் இதே 1971-தான்.

இது ஓட்டோட நிக்கறதில்லை, பணத்துலயும் இருக்கு. மத்திய வரியில மாநிலங்களுக்குப் போற தொகையில தமிழ்நாட்டோட பங்கு 13ஆவது நிதிக்குழுவுல 4.969%. 14ஆவது நிதிக்குழுவுல 4.023%. அந்தக் குழுதான் 1971 மக்கள்தொகையோட 2011 மக்கள்தொகைக்கும் ஒரு எடை கொடுத்தது. இறக்கத்துக்கு அது மட்டுமே காரணம் இல்லை, மத்த அளவுகோல்களும் மாறுச்சு. 15ஆவது நிதிக்குழு முழுசா 2011-க்கே மாறிட்டு, மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தின மாநிலங்களுக்காக 12.5% எடையைத் தனியா ஒதுக்குச்சு. நம்ம பங்கு 4.079%-ல நின்னுச்சு. பேஸ் இயர் மாத்தினா என்ன ஆகும், அதைச் சமாளிக்க எடையை எப்படி மாத்தலாம், ரெண்டுக்கும் உதாரணம் இங்கேயே கிடைச்சிடுச்சு.

இப்போ உங்க பாக்கெட்

"உனக்கு 6% ஹைக்." ஹெச்ஆர் மெயில் வந்தாச்சு. பணவீக்கம் 6-க்குக் கீழன்னு நியூஸ்ல சொல்றாங்க. அப்போ லாபம்தானே?

176-ல இருந்து 308 ஆன மாதிரிதான். பங்கைப் பாக்கணும்.

நியூஸ்ல சொல்ற சில்லறை பணவீக்கம் ஒரு எடை போட்ட சராசரி. 2012-ஐ அடிப்படை ஆண்டா வெச்ச வரிசையில உணவு, பானங்களுக்கு 45.86% எடை. வீட்டு வாடகை வகைக்கு 10.07%. அந்த எடைகள் 2011-12-ல எடுத்த செலவுக் கணக்கெடுப்புல இருந்து வந்தது. அரியலூர்ல சொந்த வீட்டுல இருந்துக்கிட்டு சிமெண்ட் ஆலைக்குப் போறவருக்கு இந்த 10% கூட அதிகமா இருக்கலாம். அதே ஊர்ல இருந்து கிளம்பி சென்னையில ரூம் எடுத்துத் தங்கியிருக்கறவருக்கு வாடகையே 30%-ஐத் தாண்டும். ரெண்டு பேருக்கும் ஒரே பணவீக்கம்னு எப்படிச் சொல்றது?

ஒரு உதாரணம் போடுவோம். கைக்கு வர்ற சம்பளம் மாசம் 32,000. செலவு 25,000. மிச்சம் 7,000.

ஒரு வருஷத்துல செலவு இப்படி ஏறுதுன்னு வெச்சுக்கோங்க.

வாடகை 8,000, ஏற்றம் 10%. கூடுதல் 800 ரூபாய்.
சாப்பாடு 8,000, ஏற்றம் 7%. கூடுதல் 560 ரூபாய்.
பஸ், வாரக் கடைசி ஊருக்குப் போற செலவு 3,000, ஏற்றம் 5%. கூடுதல் 150 ரூபாய்.
ஃபோன், நெட் 1,000, ஏற்றம் 20%. கூடுதல் 200 ரூபாய்.
மத்ததெல்லாம் 5,000, ஏற்றம் 2%. கூடுதல் 100 ரூபாய்.

மொத்தக் கூடுதல் 1,810. உங்க சொந்தப் பணவீக்கம் 7.24%.

இதுல நாம அதிகமா புலம்புறது எதைப் பத்தி? "ரீசார்ஜ் 20% ஏத்திட்டான்!" ஆனா அது 200 ரூபாய். சத்தமில்லாம 10% ஏறின வாடகை 800 ரூபாய். ரீசார்ஜ் எம்எல்ஏ, வாடகை எம்பி. நாலு ரீசார்ஜ் சேர்ந்தாத்தான் ஒரு வாடகை.

6% ஹைக்ல கூடுதலா வந்தது 1,920. செலவு ஏறினது போக மிச்சம் 110 ரூபாய். மாசம் 7,000 சேமிச்சவர் இப்போ 7,110 சேமிக்கறார். சம்பளத்துல சேமிப்போட பங்கு 21.9%-ல இருந்து 21%-க்கு இறங்கிடுச்சு. சம்பளம் ஏறுச்சு, சேமிப்பும் ஏறுச்சு, பங்கு மட்டும் இறங்குச்சு. தமிழ்நாட்டு எம்எல்ஏ கதை அப்படியே.

அதனால உங்க எஸ்ஐபியை ரூபாயில மட்டும் நிர்ணயிக்காதீங்க. சம்பளத்துல இத்தனை சதவீதம்னு வெச்சுட்டு, ஹைக் வந்த மாசமே அந்தச் சதவீதத்துக்கு ஏத்திடுங்க. இந்த உதாரணத்துல இருக்கறவர் பழைய பங்கைத் தக்க வைக்கணும்னா மாசம் 7,420 சேமிக்கணும். அந்தக் கூடுதல் 310 ரூபாயை எங்க பிடிக்கலாம்னு தேடும்போது, முதல்ல எடை அதிகமா இருக்கற இடத்துல தேடுங்க. வாடகையிலயும் சாப்பாட்டுலயும். டீயை நிறுத்தி கோடீஸ்வரர் ஆக வேண்டாம்.

வீட்டு நிலம் இருக்கா?

பேஸ் இயர் நம்ம வீட்டுக்குள்ள வர்ற இன்னொரு இடம், ஊர்ல இருக்கற மனை. மூலதன ஆதாய வரிக்கான பணவீக்கக் குறியீட்டுக்கு 1981-82 அடிப்படையா இருந்தது. 2017 பட்ஜெட்டுல 2001-02-க்கு மாத்தினாங்க. 2001-02-க்கு 100, 2025-26-க்கு 376. அதாவது 2001-02-ல ஒரு லட்சத்துக்கு வாங்கின மனையை 2025-26-ல வித்தா, வாங்கின விலை 3.76 லட்சம்னு கணக்குல எடுத்துக்கலாம்.

2024 ஜூலை 23-க்கு முன்னாடி வாங்கின நிலம், வீட்டை இந்தியாவுல வசிக்கறவங்க அந்தத் தேதியில இருந்து வித்தா ரெண்டு கணக்குல வரி எது குறைவோ அதைக் கட்டலாம். குறியீட்டோட 20%, இல்லைன்னா குறியீடு இல்லாம 12.5%. அந்த ஒரு லட்ச மனையை 7 லட்சத்துக்கு வித்தா, குறியீட்டோட வரி 64,800, இல்லாம 75,000. அதையே 10 லட்சத்துக்கு வித்தா, குறியீட்டோட 1,24,800, இல்லாம 1,12,500. (செஸ் தனி.) விலை எவ்வளவு ஏறியிருக்குங்கறதைப் பொறுத்து பதில் மாறுது. அப்பா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ரெண்டையும் போட்டுப் பாருங்க. கிராமப்புற விவசாய நிலத்துக்கு இந்த வரியே வராது, அதையும் ஆடிட்டர்கிட்ட உறுதி பண்ணிக்கோங்க.

ரெண்டே கேள்வி

இனிமே யாராவது ஒரு சதவீதத்தை உங்ககிட்ட நீட்டினா ரெண்டே கேள்வி கேளுங்க.

எதுக்கு எவ்வளவு எடை? எந்த வருஷத்துல இருந்து?

"இந்த ஃபண்ட் 60% ரிட்டர்ன் கொடுத்துச்சு." எந்த வருஷத்துல இருந்து? 2020 மார்ச் கொரோனா சரிவுல இருந்து எண்ணினா எந்த ஃபண்டும் அழகாத்தான் தெரியும். "உங்க பேக்கேஜ் இவ்வளவு லட்சம்." அதுல கைக்கு வர்றதோட எடை எவ்வளவு, வருஷக் கடைசியில வந்தாலும் வரும்னு சொல்ற வேரியபிளோட எடை எவ்வளவு? "நம்ம மாநிலத்துக்கு இவ்வளவு கோடி கூடுதலா கொடுத்தாச்சு." மொத்தத்துல பங்கு ஏறுச்சா, இறங்குச்சா?

திரௌபதி முர்மு பதவியேத்தது 2022 ஜூலை 25. அஞ்சு வருஷம் கணக்குப்படி அடுத்த தேர்தல் 2027-ல. அதுல பெரம்பலூர், குன்னம், அரியலூர், ஜெயங்கொண்டம் சார்பா ஓட்டு போடறவங்க 2026 சட்டமன்றத் தேர்தல்ல ஜெயிச்சவங்க. ஜம்மு காஷ்மீர்ல 2024-ல தேர்தல் நடந்து சட்டமன்றம் திரும்ப வந்திருக்கறதால எம்பி ஓட்டோட மதிப்பையும் புதுசா கணக்குப் போடணும். புதுக் கணக்கெடுப்பு நம்பர் அதுக்குள்ள வெளியாகலைன்னா, நம்ம எம்எல்ஏவோட மதிப்பு அதே 176, அதே 1971 தாத்தா பாட்டி கணக்கு.

இந்த வாரம் ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க. போன வருஷம் இதே மாசத்து பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் இந்த மாசத்து ஸ்டேட்மென்ட்டையும் பக்கத்துல வெச்சு, மேல போட்ட மாதிரி அஞ்சு வரியில உங்க செலவை எழுதுங்க. உங்க சொந்தப் பணவீக்கம் எவ்வளவு வருது, அதுல எம்பி யாருன்னு கமெண்ட்ல சொல்லுங்க. ஹைக் மெயிலுக்கு அப்புறம் சிரிக்கணுமா வேண்டாமான்னு அந்த நம்பரைப் பாத்து முடிவு பண்ணிக்கலாம்.